பெருமரத்தை நகர்த்துவது எப்படி? அமெரிக்க மேற்குக் கரையின் பழைய மரவெட்டு முகாம்கள்

வட கலிபோர்னியாவின் கடலோரத்தில் ரெட்வுட் என்றொரு மரம் உண்டு. பெயரைப் பார்த்து நம் ஊர்ச் செம்மரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. முற்றிய மரங்களில் 300 அடி உயரத்தை எட்டுபவை உண்டு. அதன் அடிப்பாகத்தில் 8 அடி விட்டம், 32 அடி நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்தால் சுமார் 1,600 கன அடி. ஈரம் ஏறிய பச்சை மரம் கன அடிக்கு 22 கிலோ என்று வைத்தால் 35 டன். இன்றைய பத்துச் சக்கர லாரிகள் இரண்டுக்கு நிறைந்த சுமை. இது ஒரு துண்டின் கணக்குதான். (நம் மரவாடிக் கணக்கில், சுற்றளவில் நாலில் ஒரு பங்கை வர்க்கமாக்கி நீளத்தால் பெருக்கினால் 1,260 கன அடிதான் வரும். கழிவை முன்கூட்டியே தள்ளிவிடும் கணக்கு அது.)

இந்தத் துண்டு கிடப்பதோ செங்குத்தான மலைச்சரிவில், மழைச் சேற்றில். அறுவை மில் இருப்பதோ மைல் கணக்கில் தள்ளி, தண்ணீர் ஓரமாக. 1850-களிலிருந்து 1940-கள் வரை கலிபோர்னியா, ஆரெகன், வாஷிங்டன் காடுகளில் புழங்கிய கருவிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க வந்தவை. மரத்தைச் சாய்க்க இரண்டு பேர் போதும். நகர்த்தத்தான் ஒரு ஊரே தேவைப்பட்டது. அந்த ஊர்தான் முகாம்.

அந்தரத்தில் நின்று அறுப்பது

அந்தக் காலப் புகைப்படங்களில் முதலில் கண்ணில் படுவது, ஆட்கள் தரையில் நிற்காமல் ஆளுயரத்துக்கும் மேலே மரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பது. வீரம் காட்ட அல்ல. பெரிய மரத்தின் அடிப்பகுதி யானைக்கால் போல விரிந்திருக்கும். அங்கே ரேகை நேராக ஓடாது, முறுக்கிக்கொண்டு போகும். டக்ளஸ் ஃபர் போன்ற மரங்களில் பிசினும் அங்கேதான் சேரும். தரையோடு அறுத்தால் இரண்டு மடங்கு வேலை, கிடைப்பது மில்லுக்கு ஆகாத கட்டை. ஆகவே விரிவு முடிந்து மரம் நேராகும் உயரத்துக்கு ஏறினார்கள். 6 அடியும் இருக்கும், 12 அடியும் இருக்கும்.

ஏற உதவியது ஒரு பலகை. நாலைந்து அடி நீளம், ஒரு முனையில் இரும்புக் காப்பு, அந்தக் காப்பின் விளிம்பு மேல்நோக்கி நாக்குப் போல நீட்டியிருக்கும். கோடரியால் மரத்தில் சில அங்குல ஆழத்துக்கு ஒரு பொந்து வெட்டி, இரும்பு முனையை அதில் செருகுவார்கள். வெளி முனையில் ஆள் ஏறி நின்றதும் பலகை அந்தப் பக்கம் தாழும், உள்ளே இருக்கும் நாக்கு பொந்தின் கூரையைக் கவ்விக்கொள்ளும். ஆளின் எடைதான் பூட்டு. இன்னும் மேலே போக வேண்டுமா? நிற்கும் பலகையிலிருந்தே அடுத்த பொந்தை வெட்டி அடுத்த பலகையைச் செருகி ஏற வேண்டும். பழகியவர்கள் பலகையில் நின்றபடியே ஒரு எம்பு எம்பி, எடை விலகிய அந்தக் கணத்தில் காலால் உதைத்துப் பலகையைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார்கள். பொந்து ஆழமில்லாமல் போனாலோ, மட்கிய மரத்தில் வெட்டியிருந்தாலோ நாக்கு பிடிக்காது, பலகை உருவிக்கொண்டு வந்துவிடும். கீழே விழுவதோடு போகாது. கையில் கோடரி இருக்கிறது.

சாய்ப்பதில் மூன்று வெட்டுகளைப் புரிந்துகொண்டால் போதும். எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வாய் பிளந்தாற்போல ஒரு வெட்டு: விட்டத்தில் நாலில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை. அடியை வாளால், அதாவது ரம்பத்தால், கிடைமட்டமாக அறுத்து, மேல் சரிவைக் கோடரியால் கொத்தி எடுப்பார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, வாயின் அடியைவிடச் சற்று உயரமாக, வாளால் அறுத்துக்கொண்டு வருவது இரண்டாவது. மூன்றாவது, வெட்டாமல் விடுவது. இரண்டு வெட்டுக்கும் நடுவே ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் நிறுத்திவிடுவார்கள். கதவுக்குக் கீல் எப்படியோ மரத்துக்கு அது அப்படி. மரம் அதில் மடங்கித்தான் சாய வேண்டும்.

கெடுவதெல்லாம் இந்தக் கீலில்தான். ஒரு பக்கம் மெலிந்து மறுபக்கம் தடித்திருந்தால் மரம் தடித்த பக்கமாக இழுபட்டுத் திரும்பி விழும். முழுவதும் அறுபட்டுப்போனால் எந்தப் பக்கம் விழும் என்று மரத்துக்கே தெரியாது. முன்பக்கம் ஏற்கெனவே சாய்ந்திருக்கும் மரத்தில் வாய் ஆழமில்லாமல், கீல் தடிப்பாக இருந்தால் இன்னும் மோசம். மடங்க முடியாமல் தண்டு நெடுக மேல்நோக்கிப் பிளந்து, பிளந்த பாதி பின்னால் நிற்பவர் மேல் உதைத்துக்கொண்டு வரும். மிஞ்சி நிற்கும் உருவம் உயரமான முதுகு வைத்த சலூன் நாற்காலி போல இருப்பதால் அதற்கு ‘பார்பர் சேர்’ என்று பெயர். முறிந்து மேலே தொங்கிக்கொண்டிருக்கும் கிளைக்கு ‘விடோமேக்கர்’ என்று பெயர். தமிழில் தாலியறுப்பான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரெட்வுட்டில் கூடுதலாக ஒரு தொல்லை. மரம் நொறுங்கும் குணம் உள்ளது. மேட்டின் மேலோ பாறை மேலோ விழுந்தால் தண்டு துண்டு துண்டாகச் சிதறி, சிராயாகத்தான் மிஞ்சும். அதனால் விழப்போகும் பாதை நெடுக மண்ணை நிரவி, பள்ளத்தை நிரப்பி, கிளைகளைப் பரப்பி மெத்தை போடுவார்கள். ஒரு மரத்துக்கு மெத்தை போடவே நாள் கணக்கில் ஆகும். இந்த வேலையை மிச்சம் பிடித்தவர் மரத்தையே இழந்தார்.

வாள்

மேற்குக் கரையில் 1880-களுக்கு முன் பெருமரங்களையும் கோடரியாலேயே சாய்த்தார்கள். அதற்குப் பின்புதான் இருவர் இழுக்கும் நீள வாள் சாய்ப்புக்கு வந்தது. நம் ஊரில் ஒருத்தர் மேலேயும் ஒருத்தர் பள்ளத்திலேயும் நின்று பலகை கிழிக்கும் பெரிய வாளைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதல்ல. ஆனால் அது ரேகையோடு கிழிப்பது. இது ரேகைக்குக் குறுக்கே அறுப்பது. பல் அமைப்பே வேறு.

குறுக்கு வாளில் இரண்டு வகைப் பற்கள். கூரான பற்கள் இடமும் வலமுமாகச் சற்றே வளைந்து, நார்களை இரண்டு கோடாகக் கத்தி போல அறுக்கும். நாலு கூர்ப்பல்லுக்கு ஒன்று என்று நடுவே வருவது உளிப்பல். இது அறுக்காது, அறுபட்ட நாரை உளி போலச் சுரண்டி வெளியே இழுக்கும். உளிப்பல் கூர்ப்பல்லைவிட ஒரு மயிரிழை குட்டையாக இருக்க வேண்டும். சமமாகவோ உயரமாகவோ இருந்தால் அறுபடாத மரத்தில் சிக்கி வாள் வெட்டி வெட்டி இழுக்கும். மிகவும் குட்டையானால் நாரை எடுக்காமல் சும்மா தேயும். வாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சத்தம் கேட்க வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும். நீள நீளமாகச் சேமியா போல விழுந்தால் நல்ல வாள். மாவாக விழுந்தால் அரம் போடுபவரிடம் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். முகாமில் அவருக்கென்று தனிக் குடிசை, நல்ல வெளிச்சம் விழும் ஜன்னல். காட்டில் நாள் முழுக்க ஒருவர் எவ்வளவு அறுக்கிறார் என்பது முந்தின நாள் அந்தக் குடிசையில் முடிவாகிவிடும்.

புதிதாக வந்தவர் செய்யும் தப்பு, வாளைத் தள்ளுவது. மெல்லிய தகடு தள்ளினால் நெளியும். இழுக்க மட்டும்தான் வேண்டும். அந்தப் பக்கம் கூட்டாளி இழுக்கும்போது கையைத் தளர்த்திக் கூடவே போக வேண்டும். பிசின் ஒட்டி வாள் இறுகினால் மண்ணெண்ணெய் தெளிப்பார்கள். அதற்காகக் கொக்கி வைத்த ஒரு பாட்டிலை மரப்பட்டையில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வெட்டு மூடிக்கொண்டு வாளைக் கவ்வாமல் இருக்கப் பின்னாலேயே ஆப்பு அடித்துக்கொண்டு போவார்கள்.

கீழே விழுந்த மரத்தைத் துண்டு போடுபவர் பெரும்பாலும் தனி ஆள். அவர் முதலில் பார்ப்பது மரம் எங்கே தாங்கி நிற்கிறது என்பதை. இரு முனையும் மேட்டில், நடுவில் பள்ளம் என்றால் மேலிருந்து அறுக்க அறுக்க வெட்டு மூடும், வாள் மாட்டும். அப்போது பாதியைக் கீழிருந்து மேலாக அறுக்க வேண்டும். மரத்தில் கோடரியைக் கொத்தி, அதன் காம்பை வாளுக்குத் தாங்கியாக்கிக்கொள்வார்கள். ஒரு முனை அந்தரத்தில் என்றால் நேர்மாறு, மேல் வெட்டு தானாகத் திறக்கும். எப்போதும் சரிவின் மேல்பக்கம்தான் நிற்க வேண்டும். துண்டு விடுபட்டு உருளும்போது அது யாரையும் கேட்காது.

காளையும் எண்ணெயும்

ஆனைமலையில் தேக்குத் துண்டுகளை மேலிருந்து சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப்ஸ்லிப் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அங்கே இழுக்க யானை இருந்தது. அமெரிக்கக் காட்டில் யானைக்கு எங்கே போவது? காளைதான். ஐந்திலிருந்து பத்து ஜோடி வரை ஒரே சங்கிலியில் பூட்டுவார்கள்.

அவை நடக்கச் சாலை வேண்டும். மண்ணில் குறுக்கு வாட்டில் மரக்கட்டைகளைப் பாதி புதைத்து, ஒரு துண்டு எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டைகளில் படியும்படி இடைவெளி விட்டு அடுக்குவார்கள். துண்டின் முன் முனையைக் கோடரியால் செதுக்கி உருண்டையாக்குவார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டையிலும் மூக்கு முட்டும். காளைகளுக்கும் மரத்துக்கும் இடையில் வாளியும் துடைப்பமுமாக ஒரு பையன், கட்டைகளுக்குச் சுறா எண்ணெயோ கொழுப்போ தடவிக்கொண்டே போவான். நாற்றத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சியாட்டில் நகரில் ஹென்றி யெஸ்லர் 1853-ல் ஓட்டத் தொடங்கிய நீராவி மில்லுக்கு மரம் இறங்கிய பாதை இப்படிப்பட்டதுதான். அதற்குச் சொன்ன ‘ஸ்கிட் ரோடு’ என்ற பெயர்தான் பின்னாளில் ‘ஸ்கிட் ரோ’ என்று திரிந்து, வீடிழந்தவர்கள் திரியும் நகரப் பகுதிகளுக்கு ஆகிவந்தது.

காளைக்கு லாடம் அடிப்பதில் ஒரு சின்ன வித்தியாசம். நம் ஊரில் கயிறு போட்டுச் சாய்த்துப் படுக்கவைத்து அடிப்போம். அங்கே மரச்சட்டத்தில் வயிற்றுக்கடியில் பட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி அடித்தார்கள். குதிரை போல மூன்று காலில் நின்று காட்ட மாட்டுக்கு வராது என்பது இரண்டு ஊருக்கும் பொது.

இந்த முறையின் எல்லை சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஓடை ஓரத்து மரங்கள் தீர்ந்ததும் தூரம் கூடியது. மழைக்காலத்தில் சேறு. இறக்கத்தில் மரம் காளைகளை முந்திக்கொண்டு வந்து மோதும்.

கழுதை வந்தது

1881-ல் கலிபோர்னியாவின் யுரேகா ஊரில், மர நிறுவனம் ஒன்றின் பங்குதாரரான ஜான் டால்பீர் ஒரு நீராவி எஞ்சினைக் காட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்த ஆண்டு காப்புரிமையும் வாங்கினார். நின்ற கொதிகலன் ஒன்று, ஒரு சிலிண்டர், கயிறு சுற்ற ஓர் உருளை, அவ்வளவுதான். கப்பல்களில் சில்லறை வேலைக்கு வைத்திருக்கும் துணை எஞ்சினை ‘டான்கி’, அதாவது கழுதை, என்பார்கள். அந்தப் பெயரே இதற்கும் ஒட்டிக்கொண்டது.

எஞ்சின் நகராது, மரம்தான் அதைத் தேடி வரும். இரண்டு பெருங்கட்டைகளைச் சறுக்குக் கால்களாக வைத்து அதன்மேல் எஞ்சினை ஏற்றியிருப்பார்கள். இடம் மாற வேண்டுமென்றால், கயிற்றை முன்னால் இருக்கும் ஒரு மரத்தில் கட்டிவிட்டு உருளையைச் சுழற்றினால் எஞ்சின் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மலை ஏறும். முதலில் சணற்கயிறு போன்ற மணிலா வடம். நனைந்தால் கனக்கும், இழுத்தால் நீளும். கம்பி வடம் வந்த பிறகுதான் இதன் முழு பலம் தெரிந்தது. ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் வடத்தைத் திரும்பக் காட்டுக்குள் கொண்டுபோக ஒரு குதிரை இருந்தது. இரண்டாவது உருளையும் அதற்கொரு திரும்பு வடமும் சேர்ந்ததும் குதிரைக்கு வேலை போயிற்று.

எஞ்சின்காரருக்கு மரம் தெரியாது, அது பள்ளத்துக்குள் அரை மைல் தள்ளிக்கூடக் கிடக்கும். அங்கே வடத்தின் சுருக்கை மரத்தில் மாட்டுபவர்களுக்கு எஞ்சின் தெரியாது. நடுவே இரு பக்கமும் பார்க்கிற இடத்தில் ஒரு பையன் நிற்பான். அவன் கையில் எஞ்சினின் விசிலோடு கட்டிய நீளக் கம்பி. ஒரு குறுவிசில் அடித்தால், நின்றிருக்கும் வடம் ஓடும், ஓடிக்கொண்டிருந்தால் நிற்கும். சுருக்கு மாட்டியவர் தள்ளிப் போவதற்கு முன் அவன் கை அசைந்தால் முடிந்தது கதை. முகாமில் சம்பளம் குறைந்த ஆட்களில் ஒருவன் அவன் என்பதுதான் வேடிக்கை.

வடம் கப்பியில் சுற்றித் திரும்பும் இடத்தில், அந்த வளைவின் உள்பக்கம் நிற்கவே கூடாது என்பது முதல் பாடம். கப்பியைக் கட்டிய அடிக்கட்டை பிடுங்கிக்கொண்டால், இறுகிய வடம் ஒரு நொடியில் நேராகும். உள்ளே இருப்பது எதுவானாலும் அரிவாளால் அரிந்த மாதிரிதான்.

மூக்கைத் தூக்கு

தரையோடு இழுப்பதில் உள்ள கோளாறு எளிது: மரத்தின் மூக்கு மண்ணில் குத்தும், அடிக்கட்டையில் மாட்டும், வடம் அறும். கப்பியை உயரத்தில் மாட்டினால் இழுப்பே மூக்கைத் தூக்கிவிடும். 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பரவிய இந்த முறைக்கு ஒரு கம்பம் வேண்டும். கம்பத்தை நடுவானேன், நின்றிருக்கும் மரமே போதாதா?

நேரான, உறுதியான டக்ளஸ் ஃபர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரே ஆள், காலில் இரும்பு முள், இடுப்பில் மரத்தைச் சுற்றிய கயிறு, அதில் தொங்கும் கோடரியும் வாளும். கிளைகளைக் கழித்துக்கொண்டே 150, 200 அடிக்கு ஏறுவார். தவறி விழும் ஒரு கோடரி வெட்டில் உயிர் போய்விடக் கூடாதென்று கயிற்றுக்குள் எஃகுக் கம்பி வைத்திருப்பார்கள். மேலே போய் நுனியை அறுப்பார். நுனி பிரிந்து சாயும்போது மிச்ச மரத்தைப் பின்னால் தள்ளும். தண்டு வட்டமாக ஆடத் தொடங்கும். ஆடி அடங்கும் வரை கட்டிப்பிடித்திருக்க வேண்டும். அதைவிடப் பயம், நுனி விழும்போது தண்டு பிளப்பது. பிளவு விரிந்தால் இடுப்புக் கயிறு இறுகும், ஆள் மரத்தோடு நசுங்குவார்.

பிறகு சுற்றிலும் இழுகம்பிகள் கட்டி, உச்சியில் பெரிய கப்பியை ஏற்றுவார்கள். கம்பத்தை நெருங்க நெருங்க வடத்தின் சாய்வு கூடும், மூக்கு மேலும் எழும். தொலைவில் கிடக்கும் மரத்துக்கு இந்தத் தூக்கு அவ்வளவாகக் கிடைக்காது. ஆகவே கம்பத்தை மேட்டில் வைத்து மரத்தை மேல்நோக்கி இழுப்பதையே விரும்பினார்கள்.

கம்பத்தடியிலிருந்து மில்லுக்கு ரயில். சாதாரண எஞ்சின் இங்கே சரிப்படாது. அவசரமாகப் போட்ட கோணல் தண்டவாளம், செங்குத்து ஏற்றம், சக்கரம் வழுக்கும். மிச்சிகனைச் சேர்ந்த ஈஃப்ரெய்ம் ஷே என்பவர் 1881-ல் காப்புரிமை பெற்ற எஞ்சினில் சிலிண்டர்கள் ஒரு பக்கமாக நிமிர்ந்து நிற்கும். நீளத் தண்டும் பற்சக்கரங்களும் ஒவ்வொரு சக்கரத்தையும் சுழற்றும். எடை முழுவதும் இழுப்பாக மாறும். சைக்கிளில் முதல் கியர் மாதிரி வேகம் குறைவு, பிடி அதிகம். 2,700-க்கும் மேல் செய்தார்கள்.

சாப்பாடும் படுக்கையும்

முகாம் சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னவர் குறைவு. இறைச்சி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், ரொட்டி, ‘பை’ என்னும் பழப் பண்டம் என்று மேசை நிறைய இருக்கும். சமையல் மோசமானால் ஆட்கள் அடுத்த முகாமுக்கு நடையைக் கட்டுவார்கள் என்பது முதலாளிகளுக்குத் தெரியும். மேசையில் பேசக் கூடாது என்பது எழுதாத சட்டம். தட்டை நகர்த்தச் சொல்லலாம், அவ்வளவுதான். பேச்சு வளர்ந்தால் சண்டை, சமையற்காரருக்குத் தாமதம்.

படுக்கை வேறு கதை. இரண்டடுக்கு மரத் தட்டு, வைக்கோல், பேன். போர்வையை அவரவர் முதுகில் சுமந்துகொண்டு வர வேண்டும். நடுவில் எரியும் அடுப்பைச் சுற்றி நாற்பது ஜோடி ஈரக் கம்பளிக் காலுறை காயும். குளிக்க வசதி கிடையாது. வேலை நாள் பத்து மணி நேரம்.

1917 கோடையில் மேற்குக் கரைக் காடுகளில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. முக்கியக் கோரிக்கை எட்டு மணி நேர வேலை. கூடவே சுத்தமான படுக்கை, குளியலறை. செப்டம்பரில் வேலைக்குத் திரும்பியவர்கள் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார்கள்: எட்டு மணி நேரம் முடிந்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டு நடந்தார்கள். உலகப்போர் விமானங்களுக்கு ஸ்ப்ரூஸ் மரம் அவசரமாக வேண்டியிருந்த நேரம். ராணுவம் தலையிட்டு, 1918 மார்ச் முதல் எட்டு மணி நேரம் நடைமுறைக்கு வந்தது. அந்த மே தினத்தன்று பல முகாம்களில் ஆட்கள் தங்கள் பழைய போர்வை மூட்டைகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். இனிமேல் படுக்கை கொடுப்பது முதலாளி பாடு.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் சங்கிலி ரம்பம், டிராக்டர், லாரி எல்லாம் வந்து, ரயிலும் டான்கியும் துருப்பிடித்தன. காட்டுக்குச் சாலை வந்ததும் ஆட்கள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனார்கள், முகாம் கலைந்தது. அதற்குள் பெருமரமும் பெரும்பாலும் தீர்ந்திருந்தது. பழைய ரெட்வுட் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான்.

அடிக்கட்டைகள் மட்டும் இன்னும் நிற்கின்றன. ரெட்வுட் லேசில் மட்காது. கண் போல இரண்டு பொந்து தெரிந்தால் அது பலகை செருகிய இடம். அதற்குக் கீழே வேறு பொந்துகள் இருந்தால் எத்தனை படி ஏறினார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம். மேற்பரப்பில் ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்தும் மறுபக்கம் சற்று உயர்ந்தும், நடுவே பிய்ந்த சிராய் வரிசையோடும் இருந்தால், சிராய் வரிசைதான் கீல். தாழ்ந்திருக்கும் பக்கம் திரும்பி நின்றால் மரம் விழுந்த திசை தெரியும். அந்தத் திசையில் தரை இன்னும் மட்டமாக இருந்தால், மெத்தை போட்ட இடம் அது.